சாக்லேட் லாகரில் காணாமல் போன துவர்ப்பு

ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய தொட்டியில் ஆட்டுத் தோலுக்கு என்ன நடக்கிறதோ, அதேதான் டார்க் சாக்லேட்டைக் கடித்தவர் வாயில் எச்சிலுக்கும் நடக்கிறது. அங்கே தோல் பதப்படுகிறது. இங்கே எச்சில் திரிகிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்பவை டானின் என்ற ஒரே குடும்பத்து வேதிப்பொருள்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்கள் தலைமுறைகளாகப் பிழைத்ததில் இந்தத் துவர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சாக்லேட் மணம் ஏற்றிய லாகர் பீர் ஏன் சாக்லேட்டாக ருசிப்பதில்லை என்ற கேள்விக்கும் விடை இந்தத் தோல் தொட்டிகளில்தான் இருக்கிறது.

பெருவாரி விற்பனைக்குப் பீர் காய்ச்சும் பெரிய ஆலைகள் அவ்வப்போது சாக்லேட் பக்கம் போவதுண்டு. 1855 முதல் மில்வாக்கி நகரில் இயங்கும் மில்லர் நிறுவனம் 2000-களின் நடுவில் குளிர்காலத்துக்கென்று ஒரு சாக்லேட் லாகரை விற்றுப் பார்த்தது. வேறு ஆலைகளும் பண்டிகைக் காலத்தில் இதுபோன்ற சரக்கை இறக்கியிருக்கின்றன. இந்த ரகத்தைச் சேர்ந்த ஒரு புட்டியை, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் திறந்தபோது ருசி பார்த்தேன். எந்த ஆலையுடையது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நிறம் அழகான தாமிரப் பழுப்பு. கிளாசை மூக்கருகே கொண்டுபோனதும் பேக்கரி வாசலில் நிற்கும்போது வருவதுபோல வெனிலாவும் கொக்கோவும் கலந்த மணம். முதல் வாயில் இனிப்பு தட்டுகிறது. விழுங்கிய மறு நொடி வாய் காலி. நாக்கின் ஓரம் சுருங்கவில்லை, அண்ணத்தில் எதுவும் படியவில்லை, கசப்பும் மெலிந்து போய்விட்டது. மூக்கு சாக்லேட் என்று சொன்னதை வாய் ஏற்கவில்லை.

பாலாற்றோரத்துத் தோல் ஊர்களில் பல வீடுகளில் பீர் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். அதை மதித்தே எழுதுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. வாய்க்குள் நடக்கும் வேதியியலைப் பேச இந்தப் புட்டி நல்ல சாட்சி, அவ்வளவுதான். இதே பாடத்தைப் பால் கலக்காத டீயிலும் படிக்கலாம். கடைசியில் அதற்கும் வருகிறேன்.

முதலில் தோல். மாட்டுத் தோலானாலும் ஆட்டுத் தோலானாலும் அதன் கட்டுமானம் கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு அது. உரித்த தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகும். காயவைத்தால் விறைத்துத் தகடாகும். அறுபது, அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, சதை வழித்து எடுத்த தோலைப் பட்டைச் சாற்றில் போடும்போது டானின் மூலக்கூறுகள் நாருக்கு நார் பாலம் போடுகின்றன. நார்களுக்கு இடையில் இருந்த தண்ணீர் வெளியேறுகிறது. நுண்ணுயிர்களின் நொதிகளுக்குக் கடிக்க இடம் கிடைப்பதில்லை. பட்டையில் பதனிட்ட தோல் எழுபத்தைந்து, எண்பது டிகிரி வரை தாங்கும்.

இந்தப் பக்கத்துத் தொழிலில் பழைய முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆவாரை. வறண்ட தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவோடு நிற்குமே, அதே செடிதான். அதன் பட்டையை உரித்து, இடித்து, ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள். நிறம் தெளியவும் தோல் கெட்டிப்படவும் கடைசியில் கடுக்காய்ச் சாறு. கடுக்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை டானின் இருக்கும். இப்படி மதராஸ் மாகாணத்தில் பாதி பதனிட்டுக் கப்பலேறிய தோல் உலகச் சந்தையில் ஈ.ஐ. (கிழக்கிந்திய) லெதர் என்று பெயர் எடுத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆவாரம்பட்டை போதாமல் போனபோது தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்து சேர்ந்தது.

தொட்டி வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் தோலைக் கெட்டியான சாற்றில் போடக் கூடாது. போட்டால் மேற்பரப்பு உடனே பதப்பட்டு இறுகிவிடும். உள்ளே சாறு இறங்காமல் நடுத்தோல் பச்சையாகவே நிற்கும். அதனால் பலமுறை பயன்பட்டு வலு குறைந்த பழைய சாற்றில் தொடங்கி, தொட்டி தொட்டியாக மாற்றி, புதுச் சாற்றுக்குப் போவார்கள். இதற்கு வாரக்கணக்கில் நாளாகும். அந்தப் பொறுமைக்கான காரணத்தைப் பிற்காலத்தில் ஆய்வகம் விளக்கியது. பதனிட உதவும் டானின் மிகச் சிறியதாக இருந்தால் இரண்டு நார்களை எட்டிப் பிடிக்காது. மிகப் பெரியதாக இருந்தால் நார்களுக்கு இடையே நுழையாது. நடுத்தர அளவுள்ளவையே தோலாக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோம் முறையை அறிமுகப்படுத்தினார். வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது. குரோம் தோல் கொதிநீரையும் தாங்கியது. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் மேல்தோலில் பெரும்பகுதி, டிரம்மிலிருந்து நீலமாக வெளிவரும் வெட் ப்ளூதான். அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றப்பட்டது. ஆனாலும் டானின் டிரம்மை விட்டுப் போய்விடவில்லை. குரோம் தோலுக்கும் சதைப்பற்று தருவதற்காக, மறுபதனிடும்போது வாட்டில் சாறு சேர்ப்பது வழக்கம்.

சரி, டானின் ஏன் கொலாஜனை இவ்வளவு ஆசையாகப் பிடிக்கிறது? புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ப்ரோலின் மட்டும் வித்தியாசமானது. அதன் பக்கக்கிளை முதுகெலும்போடு மடிந்து ஐந்து மூலை வளையமாகிவிடும். ப்ரோலின் நிறைந்த புரதச் சங்கிலியால் பந்துபோலச் சுருண்டுகொள்ள முடியாது. நீண்டு, திறந்தே கிடக்கும். டானினில் இருக்கும் தட்டையான வளையங்கள் இந்த ப்ரோலின் வளையங்களின் மேல் வாகாகப் படிகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்தப் பிடியை இறுக்குகின்றன. கொலாஜனில் ப்ரோலினும் அதன் உறவான ஹைட்ராக்சிப்ரோலினும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தோல் ஏன் பதப்படுகிறது என்பதன் சாரம் இதுதான்.

இந்தப் பிடிப்பை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹம்ஃப்ரி டேவி. சுரங்க விளக்கால் பின்னாளில் புகழ்பெற்ற அதே டேவிதான். 1803-இல் துவர்ப்புத் தாவரங்கள் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டி முக்கியச் சரக்கு. ஒவ்வொரு சாற்றிலும் ஜெலட்டின் கரைசலை ஊற்றி, அடியில் விழும் வண்டலை எடைபோட்டார். ஜெலட்டின் என்பது வேகவைத்த கொலாஜனே. வண்டல் கூடினால் டானின் கூடுதல். தோல் பதனிடுவதில் காசுக்கட்டி ஓக் மரப்பட்டையைவிட ஏழெட்டு மடங்கு வலுவானது என்று கண்டார். வெற்றிலையோடு காசுக்கட்டி மென்றவர்களுக்கு அந்த வலு வாயிலேயே தெரிந்திருக்கும்.

ஏனென்றால் நம் எச்சிலிலும் ப்ரோலின் இருக்கிறது. காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் சுரப்பி தரும் எச்சிலின் புரதத்தில் சுமார் 70 சதவீதம் ப்ரோலின் மிகுந்த புரதங்கள். வாயை வழவழப்பாக வைத்திருப்பதில் எச்சில் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பச்சை வாழைக்காயையோ மாதுளைத் தோலையோ கடித்ததும் டானின் இவற்றைப் பிடித்து முடிச்சுப்போட்டு வண்டலாக்குகிறது. வழவழப்பு போய், நாக்கும் அண்ணமும் நேருக்கு நேர் உரசுகின்றன. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். ஜெலட்டினை ஊற்றி டேவி பார்த்த அதே வண்டல்தான் இது. இடம் மட்டும் வேறு. டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது சில நாட்களில் அவற்றின் பரோட்டிட் சுரப்பி பருத்து, ப்ரோலின் புரதத்தை ஏராளமாகச் சுரந்தது என்று 1980-களின் ஆய்வுகள் காட்டின. இந்தப் புரதங்கள் வயிற்றுக்குள் போகும் டானினை வாயிலேயே மடக்கும் காவல் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

நம் மரபு துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணியது. மேற்கத்திய உடலியல் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, துவர்ப்பையும் உறைப்பையும் வெளியே வைத்தது. ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுவை நரம்பு செயலிழந்தாலும் துவர்ப்பு உணரப்படுகிறது. முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்தால்தான் மறைகிறது. ஆக, துவர்ப்பு தொடு உணர்ச்சியின் பக்கம் சேர்கிறது. ஆனால் சாப்பிடுபவருக்குச் சுவையும் தொடுகையும் தனித்தனித் தட்டில் வருவதில்லை. அறுசுவைக் கணக்கு உணவு அனுபவத்துக்கு நெருக்கமானது என்பது என் துணிபு. சாக்லேட்டைப் புரிந்துகொள்ள ஐந்து சுவை போதாது. ஆறாவது கட்டாயம் வேண்டும்.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோ மரத்தில் காயைப் பிளந்து, வெள்ளைச் சதைக்குள் இருக்கும் பச்சை விதையைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். சாக்லேட் வாசனை துளியும் இருக்காது. கொழுப்பை நீக்கிப் பார்த்தால் பச்சை விதையின் உலர் எடையில் 12 முதல் 18 சதவீதம் வரை பாலிஃபீனால்கள். எபிகேட்டச்சின் என்ற சிறு அலகுகள் கோத்து உருவான டானின்களும் இதில் அடக்கம்; வாட்டில், ஆவாரம்பட்டை டானின்களுக்கு இவை பங்காளிகள். விதைகளைக் குவித்து வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். குவியலின் நடுவே வெப்பம் ஐம்பது டிகிரியை நெருங்கும். விதை சாகிறது. செல்களின் தடுப்புகள் உடைந்து பாலிஃபீனால்கள் விதையின் சொந்தப் புரதங்களோடு கலந்து, காற்று பட்டுப் பழுப்பாகி, அவற்றோடு பிணைந்துவிடுகின்றன. கொக்கோ விதை தன்னைத்தானே பதனிட்டுக்கொள்கிறது என்றே சொல்லலாம். துவர்ப்பு குறைகிறது, ஆனால் முழுக்கப் போவதில்லை.

அப்புறம் வறுவல். புளிப்பின்போது புரதம் உடைந்து கிடைத்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் 120, 130 டிகிரி சூட்டில் சேரும்போது, 1912-இல் லூயி கமீல் மெயார் விவரித்து, அவர் பெயரையே பெற்ற வினைகள் தொடங்குகின்றன. லூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து 3-மெத்தில்பியூட்டனால், ஃபினைல்அலனினிலிருந்து தேன் மணக்கும் ஃபினைல்அசிட்டால்டிஹைடு, இன்னும் கடலை வறுத்த வாசனை தரும் பைரசின்கள். இவற்றின் கூட்டணியைத்தான் மூக்கு சாக்லேட் என்று அடையாளம் காண்கிறது. வறுத்த பார்லி மால்ட்டிலும் இதே 3-மெத்தில்பியூட்டனால் உண்டு. பீரும் சாக்லேட்டும் மணத்தில் சொந்தக்காரர்கள். அவற்றைச் சேர்த்துவைக்கும் யோசனை தவறே இல்லை.

வாய்க்குள் வந்தபின் சாக்லேட்டுக்கு இன்னொரு பாதி இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி அளவில், உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகுகிறது. கொழுப்பு வாயில் பூசி வழுக்குகிறது. டானின் அந்த வழுக்கலைப் பிடித்து நிறுத்துகிறது. 2012-இல் கேத்தரின் பெய்ரோ த கஷோன், பால் பிரெஸ்லின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. டீ போன்ற மென்மையான துவர்ப்பைத் திரும்பத் திரும்பப் பருகும்போது துவர்ப்புணர்வு வாய்க்கு வாய் ஏறுகிறது. கொழுப்புள்ள இறைச்சியோடு மாற்றி மாற்றி எடுத்தால் வாயில் கொழுப்புணர்வு குறைகிறது. ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி தின்ற கையோடு பால் கலக்காத டீ குடிப்பவர் வாய் ‘விட்டுப்போச்சு’ என்று நிம்மதியாகச் சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். நல்ல டார்க் சாக்லேட்டில் பிரியாணியும் டீயும் ஒரே துண்டில் இருக்கின்றன. கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் அந்த இழுபறிதான் சாக்லேட்டின் உடல். மணம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது லாகர் ஆலைக்குள் போகலாம். பீரிலும் டானின் உண்டு. பெரும்பகுதி பார்லி உமியிலிருந்தும் மீதி ஹாப்ஸ் பூவிலிருந்தும் வருகிறது. பார்லியின் ஹோர்டீன் என்ற புரதம், ஆச்சரியப்பட வேண்டாம், ப்ரோலின் மிகுந்தது. தோலிலும் எச்சிலிலும் நடந்த அதே சந்திப்பு புட்டிக்குள்ளும் நடக்கிறது. பீரைக் குளிரவைத்ததும் டானினும் ஹோர்டீனும் கைகோத்து மெல்லிய மூட்டமாகத் தெரியும், சூடேறினால் மறையும். நாள்பட்டால் நிரந்தரமாகக் கலங்கிவிடும். கடையில் மாதக்கணக்கில் நின்றாலும் கண்ணாடிபோல் தெரிய வேண்டிய பெருவாரிச் சரக்குக்கு இது எதிரி.

எனவே ஆலைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மூட்டத்தோடு போராடி வருகின்றன. 1911-இல் அமெரிக்க வேதியியலாளர் லியோ வாலர்ஸ்டைன் பப்பாளிப் பாலின் நொதியான பப்பெய்னைச் சேர்த்துப் புரதத்தை வெட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் போடுகிறார்களே, அதே நொதிதான். பிறகு புரதத்தைப் பிடிக்கச் சிலிக்கா ஜெல் வந்தது. டானினைப் பிடிக்கப் பி.வி.பி.பி. என்ற வெள்ளைத் தூள் வந்தது. இந்த பி.வி.பி.பி.யின் வடிவத்தில்தான் விஷயமே இருக்கிறது. அது ப்ரோலினைப் போன்ற ஐந்து மூலை வளையங்கள் கோத்த செயற்கைச் சங்கிலி. டானின் அதைப் புரதம் என்று நம்பி ஒட்டிக்கொள்கிறது. வடிகட்டியில் தூளோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. தோல் தொட்டியில் போட்டிருந்தால் தோலைப் பதனிட்டிருக்கும் பொருளில் ஒரு பங்கை, பீர் ஆலை காசு செலவழித்து வெளியே எடுக்கிறது. இதற்கு முன்பே மால்ட்டோடு அரிசியும் மக்காச்சோளமும் கலப்பதால் டானினும் புரதமும் நீர்த்துப்போயிருக்கும்.

துவர்ப்பு போயிற்று. கொழுப்பாவது வருமா? வராது. கொக்கோ வெண்ணெய் பீரின் நுரைக்கு விஷம். குமிழியின் மெல்லிய புரதச் சுவரைக் கொழுப்பு உடைத்துவிடும். அதனால் ஆலைகள் கொழுப்பு நீக்கிய கொக்கோத் தூளையோ, வறுத்த கொக்கோ நொய்யையோ, வடித்த சாரத்தையோ, மணமூட்டிகளையோ நாடுகின்றன. போதாததற்கு லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்து சுத்தமான, ஒல்லியான பானத்தைத் தருவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. சாக்லேட்டின் இழுபறிக்கு வேண்டிய இரண்டு கட்சிகளையும் வெளியேற்றிவிட்டு, மேலே உட்கார வேண்டிய மணத்தை மட்டும் ஊற்றுகிறார்கள். எனக்கு வாய் காலியானதற்குக் காரணம் இதுவே.

அந்த மணத்தையும் குளிர் பாதி விழுங்கிவிடுகிறது. நான்கு டிகிரியில் மணப்பொருள்கள் ஆவியாக எழுவது குறையும். நாக்கின் இனிப்பு, கசப்பு, உமாமி உணர்விகள் நம்பியிருக்கும் டி.ஆர்.பி.எம்.5 என்ற அயனிக் கதவு குளிரில் சோம்பிவிடும் என்று பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தார் 2005-இல் காட்டினார்கள். பனிக்கட்டிக் குளிரில் குடிக்கச் சொல்லி விற்கும் சரக்கில் சாக்லேட்டைக் கலப்பது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது.

பீரில் சாக்லேட்டின் உடல் வரவே முடியாதா? வந்திருக்கிறது, அதுவும் நமக்கு மிக அருகில், ஒரு பெரிய ஆலையிலிருந்தே. நுவரெலியாவில் 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்டு, இன்று கொழும்பை அடுத்த பியகமவில் இயங்கும் லயன் ஆலையின் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் சாராய அளவு 8.8 சதவீதம். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். சாக்லேட் ருசிக்குப் பேர்போன அந்தப் பானத்தின் ருசி மால்ட்டை வறுத்ததில் வந்தது. 1817-இல் டேனியல் வீலர் இங்கிலாந்தில் சுழலும் உருளையில் மால்ட்டைக் கருகாமல் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருநூறு டிகிரிக்கு மேல் வறுத்த ஒரு ரகத்துக்குச் சாக்லேட் மால்ட் என்றே பெயர். வறுத்த உமி துவர்ப்பையும் கசப்பையும் தருகிறது. ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் கொழுப்பு செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தைத் தடிமனாக நின்று செய்கின்றன. கறுப்புப் பானத்தில் மூட்டம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் டானினைத் துரத்த வேண்டிய கட்டாயமும் தளர்கிறது. இப்படிப்பட்ட வெப்பநாட்டு ஸ்டவுட்கள் பலவற்றில் லாகர் ஈஸ்ட்டே பயன்படுகிறது என்பதால், குறை லாகர் ஈஸ்ட்டில் மட்டும் இல்லை.

என் தீர்ப்பு இது: சாக்லேட் லாகர் காய்ச்ச விரும்பும் ஆலை முதலில் பி.வி.பி.பி. மூட்டையை ஓரம் வைக்க வேண்டும். எசென்சைக் குறைத்து வறுத்த மால்ட்டைக் கூட்டட்டும். புட்டியில் பன்னிரண்டு டிகிரியில் பருகச் சொல்லி அச்சிடட்டும். கலங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

பீர் வேண்டாதவர்கள் இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். சர்க்கரை சேராத கொக்கோத் தூளை வெந்நீரில் கரைத்து ஒரு வாய் குடித்து, நாக்கை அண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள், உரசும். அதே கரைசலில் பால் ஊற்றிக் குடியுங்கள், உரசல் தணியும். பாலின் கேசீன் புரதத்திலும் ப்ரோலின் நிறைய உண்டு. உங்கள் எச்சிலுக்கு முன்னால் அது டானினைப் பிடித்துக்கொள்கிறது. டீத்தூளிலும் இதைச் செய்யலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காயில் செய்வதானால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.